லடாக்குக்கு எந்த பைக்? 40 சதவீத வரி, 168 கிலோ, அப்புறம் அந்த 21 இஞ்ச் டியூப்

வணக்கம் மக்களே. கொல்லிமலை வீடியோவின் இரண்டாம் பாகம் இன்றைக்கு வரும் என்று சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். அதற்கு முன்னால் இந்தக் காகிதத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். கேமராவில் தெரிகிறதா? ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பைக்குக்கு வாங்கி வந்த கொட்டேஷன். கீழே இருக்கிற ஆன்ரோடு விலையைப் பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது.

2025 செப்டம்பர் 22ஆம் தேதி ஜிஎஸ்டியை மாற்றினார்கள் இல்லையா, அதில் பைக்குகளுக்கு 350 சிசி என்று ஒரு கோடு போட்டுவிட்டார்கள். அதற்குள் இருந்தால் 28 சதவீதமாக இருந்த வரி 18 ஆகக் குறைந்தது. கோட்டைத் தாண்டினால், செஸ்ஸோடு சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆக ஏறியது. ஹிமாலயன் 452 சிசி. எக்ஸ்ஷோரூம் விலையில் மட்டும் கிட்டத்தட்ட இருபதாயிரம் கூடிவிட்டது. அதற்கு மேல் ரோடு டேக்ஸ், இன்சூரன்ஸ். சோடா, கோலா பாட்டிலுக்கும் இதே 40 சதவீதம்தான். மூன்று வருடம் சீட்டுப் போட்டு ஒரு பைக் வாங்குகிறவர்களை ஆடம்பரக்காரர்கள் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். சென்னைப் பக்கத்தில் செய்கிற வண்டி அது. எனக்கு இந்த விஷயத்தில் கோபம் ஆறவே ஆறாது.

சரி. ஆனால் வரிக்காக மட்டும் நான் முடிவெடுக்கவில்லை. போன வாரம் புக் செய்தாயிற்று. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210. கமெண்டில் இப்போதே "அக்கா, ஹிமாலயன் 411 ஓட்டிவிட்டு 210க்கு இறங்குவதா?" என்று டைப் செய்ய ஆரம்பித்திருப்பீர்கள். முழுவதும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம், உங்களுக்குத் தெரியும். பழைய 411ஐ விற்றதிலிருந்து தினமும் ஒரே கேள்விதான்: "அக்கா, லடாக்குக்கு எந்த பைக் வாங்கலாம்?" இதைக் கேட்கிறவர்கள் யாருமே தங்கள் உயரம் என்ன, தனியாகப் போகிறார்களா, பின்னால் ஆள் இருக்குமா என்று எழுதுவதில்லை. சிசியைக் கேட்கிறார்கள். ஹார்ஸ்பவரைக் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான். கீழே விழுந்த வண்டியை, பக்கத்தில் யாருமே இல்லாத இடத்தில், லக்கேஜோடு உங்களால் தூக்கி நிறுத்த முடியுமா?

மணாலி–லே சாலையில் பாரலாச்சா லா (லா என்றால் கணவாய்) ஏறுவதற்கு முன்னால் ஜிங் ஜிங் பார் என்று ஓர் இடம். அந்தப் பக்கம் மலையிலிருந்து பனி உருகி சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு தண்ணீர் போகும். நாலா என்பார்கள். காலையில் அது கணுக்கால் அளவு. வெயில் ஏற ஏற மதியத்துக்கு மேல் முழங்காலைத் தொடும். அதனால்தான் எல்லோரும் விடியற்காலையில் கிளம்பச் சொல்கிறார்கள். அங்கே தண்ணீருக்கு அடியில் கிடக்கிற கல் தேங்காய் அளவு இருக்கும், உருண்டையாக, வழவழவென்று. முன் சக்கரம் அதில் ஏறி நழுவினால் வண்டி சாயும். என் 411 சாய்ந்தது. அந்த வீடியோவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். 199 கிலோ வண்டி, அதன் மேல் பைகள், டென்ட், பெட்ரோல் கேன். 14,000 அடி உயரம். இரண்டு முறை மூச்சைப் பிடித்துத் தள்ளினால் மூன்றாவது முறைக்கு நெஞ்சு ஒத்துக்கொள்ளாது. டேங்கர் லாரி அண்ணன் ஒருவர் இறங்கி வந்து கை கொடுத்தார். அவர் வராமல் இருந்திருந்தால் பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஐஸ் தண்ணீரில் நின்றுகொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

தூக்குகிற முறையையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியவில்லை. முதலில் இன்ஜினை அணையுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால், தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டைத் தள்ளிவிடுங்கள், இல்லையென்றால் நிமிர்த்திய வேகத்தில் இடது பக்கம் போய் விழும். கியரில் போடுங்கள், உருளாது. ஹேண்டில்பாரைத் தரைப் பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்காருகிற மாதிரி நின்று, ஒரு கையில் ஹேண்டில் முனை, இன்னொரு கையில் பின்னாலிருக்கிற கிராப் ரெயில். முதுகை நேராக வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். பாரம் முழுவதும் தொடைக்குப் போக வேண்டும். குனிந்து இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், பயணம் அங்கேயே முடிந்தது.

இப்போது கணக்கு. ஹிமாலயன் 450 பெட்ரோலோடு 196 கிலோ. எக்ஸ்பல்ஸ் 210இன் எடை 168 கிலோ. 28 கிலோ வித்தியாசம். ஒரு அரிசி சிப்பம் 25 கிலோ, வீட்டில் ஒருமுறை தூக்கிப் பாருங்கள், அதற்கும் மேலே மூன்று கிலோ. ஷோரூமிலேயே கேட்டு, கீழே சாக்கு விரித்து இரண்டு வண்டியையும் படுக்கவைத்துத் தூக்கிப் பார்த்தேன். சேல்ஸ் தம்பிகள் பதறிவிட்டார்கள். 210ஐ நான் தனியாக நிமிர்த்தினேன். வியர்த்தது, ஆனால் நிமிர்ந்தது!

ஆ, ஒன்று விட்டுப்போயிற்று, கொட்டேஷன் விஷயம். அந்த ஷோரூம் பெயர் வேண்டாம். விலைக்குக் கீழே, பெயின்ட் மேல் பூசுகிற டெஃப்லான் கோட்டிங் என்று ஒரு வரி, 3,500 ரூபாய். நான் கேட்கவே இல்லை. "எல்லோருக்கும் போடுகிறதுதான் மேடம்" என்றார்கள். கல்லிலும் சேற்றிலும் உருட்டப்போகிற வண்டிக்கு டெஃப்லான் எதற்கு? அடித்துவிடச் சொன்னேன், அடித்தார்கள். நீங்களும் கொட்டேஷனை வரி வரியாகப் படியுங்கள். கேட்காத எதையும் வாங்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

சீட் உயரம். 450இல் 825 மில்லிமீட்டர், லோ சீட் போட்டால் 805. எக்ஸ்பல்ஸ் 210இல் 830. காகிதத்தில் பார்த்தால் எனக்கு ஹிமாலயன்தான் சரி. ஆனால் எக்ஸ்பல்ஸின் சீட் முன்பக்கம் ஒல்லி. காலை அகட்டவேண்டிய தேவை இல்லாததால் ஒரு பாதத்தின் முன்பாதி தரையில் உறுதியாகப் படுகிறது. எனக்கு அது போதும். ஷோரூமில் காலணியோடு உட்கார்ந்து பாருங்கள், செருப்போடு போகாதீர்கள். ரைடிங் பூட் ஒரு அங்குலம் கூட்டிக்கொடுக்கும்.

பவர் பற்றிச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. தங்லாங் லா 17,480 அடி, அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஃப்யூல் இன்ஜெக்ஷன் பெட்ரோலைக் குறைத்துச் சரிசெய்யும், கருப்புப் புகை வராது, ஆனால் இல்லாத காற்றை அதனால் கொண்டுவர முடியாது. 40 குதிரைத்திறன் வண்டி அங்கே இருபது சொச்சம்தான் தரும். 24 தருகிற எக்ஸ்பல்ஸ் பதின்மூன்று. இதில் ஹிமாலயன் ஜெயிக்கிறது, மறுக்கவே மாட்டேன். பின்னால் ஆளை உட்காரவைத்து உம்லிங் லாவோ, அதற்கும் மேலே 2025இல் எல்லைச் சாலை அமைப்பு போட்டிருக்கிற மிக் லாவோ போகவேண்டுமென்றால் 450ஐ வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். 19,000 அடிக்கு மேல் இரண்டு பேரோடு சின்ன இன்ஜின் முதல் கியரில் திணறும். நான் தனி ஆள். அந்தச் சாலைகளில் என் வேகம் 30, 40. பதின்மூன்று குதிரை போதும்.

யூடியூபில் இட்சி பூட்ஸ் சேனல் நடத்துகிற நோராலியை நம்மில் நிறையப் பேர் பார்க்கிறோம். இந்தியாவில் வாங்கிய ஹிமாலயன் 411இல் நெதர்லாந்து வரை ஓட்டிப்போனவர். அவர் பிறகு ஆப்பிரிக்காவை நீளவாக்கில் கடக்க எடுத்துக்கொண்டது ஹோண்டா சிஆர்எஃப்300 ரேலி. 286 சிசி. கண்டம் தாண்டுகிறவர் எடையைக் குறைத்துக்கொண்டே போகிறார், நாம் சேலத்தில் உட்கார்ந்து 650 வேண்டும் என்கிறோம்.

நெடுஞ்சாலைதான் 210க்குப் பலவீனம். நம் சேலம் பைபாஸில் போகிற அதே என்எச் 44தான் பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி, ஜம்மு என்று ஸ்ரீநகர் வரை போகிறது. லடாக் பயணத்தில் கிலோமீட்டர் கணக்கில் பெரும்பகுதி இந்தத் தார்ச்சாலைதான். மணிக்கு 110இல் நாள் முழுக்க ஓட்டவேண்டுமென்றால் சின்ன இன்ஜின் கத்தும், கைக்கு அதிர்வு வரும். நான் 85ஐத் தாண்டமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். நாக்பூர் வெயிலில் அதற்கு மேல் ஓட்ட உடம்பும் கேட்காது. அவசரக்காரர்களுக்கு ரயில் பார்சல் இருக்கிறது. டேங்கைச் சொட்டு இல்லாமல் காலி செய்யவேண்டும், கண்ணாடிகளைக் கழற்றி, சாக்கு சுற்றிக் கட்டவேண்டும், ஆர்சி நகல் கொடுக்கவேண்டும். அங்கே ஏற்றி இறக்கும்போதும் எடை குறைந்த வண்டிக்கு அடி குறைவு.

பெட்ரோல். மணாலியிலிருந்து அடல் சுரங்கம் தாண்டிப் போனால் கீலாங்குக்கு முன்னால் தண்டி. சந்திரா ஆறும் பாகா ஆறும் சேருகிற இடம். அங்கே பங்க்கில் அந்தப் புகழ்பெற்ற பலகை, அடுத்த பங்க் 365 கிலோமீட்டர். 450இல் 17 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 28 என்றாலே 470ஐத் தாண்டும். எக்ஸ்பல்ஸ் 13 லிட்டர், 35 கொடுத்தால் 455. கேடிஎம் 390 அட்வென்ச்சர் 14.5 லிட்டர், முறுக்கி ஓட்டி 25 கொடுத்தால் 362. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மலையில் மைலேஜ் இறங்கும், குளிரில் இன்ஜினை ஓடவிட்டு நிற்பீர்கள். எந்த வண்டியானாலும் ஐந்து லிட்டர் கேன் கட்டாமல் தண்டியைத் தாண்டாதீர்கள்.

இப்போது டியூப்புக்கு வருகிறேன். இந்த வாரத்தின் பெரிய சந்தோஷம் இதுதான், இருங்கள், காட்டுகிறேன்.

எக்ஸ்பல்ஸில் ஸ்போக் வீல், டியூப் டயர். முன்னால் 21 இஞ்ச், பின்னால் 18. சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸில் அலாய், டியூப்லெஸ், பஞ்சர் ஆனால் ஸ்டிரிப் சொருகிவிட்டுக் கிளம்பலாம். அது நல்ல விஷயம்தான், ஆனால் பெரிய கல்லில் அடித்தால் ஸ்போக் வளைந்து கொடுக்கும், அலாய் விரிசல் விடும், மலையில் அதை ஒட்ட ஆள் இல்லை. ஹிமாலயன் 450க்கு டியூப்லெஸ் ஸ்போக் வீலே வந்துவிட்டது, தனியாகப் பதினோராயிரம் பன்னிரண்டாயிரம். எனக்கு அந்த வசதி இல்லை, அதனால் 21 இஞ்ச் டியூப் கையில் இருந்தே ஆகவேண்டும். பஞ்சர் கடையில் 17, 18 கிடைக்கும், ஸ்கூட்டர் டியூப் மலைபோல் கிடக்கும். 21 கேட்டால் மேலேயும் கீழேயும் பார்ப்பார்கள். சேலம் ஐந்து ரோட்டில் கேட்டேன், கொண்டலாம்பட்டியில் கேட்டேன். "இந்த சைஸ் இங்கே ஓடாதும்மா, ஆர்டர் போட்டால் வரும்" என்றார்கள். கடைசியில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கடை. பெரியவர் ஏணி போட்டுப் பரணில் ஏறி, தூசி தட்டி, ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே டியூப், சுருட்டி, பவுடர் பூசி, வால்வில் மூடி கழறாமல். பெட்டி மேல் 90/90-21. 460 ரூபாய்! வெளியூரில் 700 சொன்னார்கள். இரண்டு வாங்கினேன். கடையிலேயே காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்கி, ஒரு குமிழிகூட வரவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். பரணில் கிடந்த ரப்பர் மடிப்பில் வெடித்திருக்கலாம், அதனால் விரித்து ஒவ்வொரு மடிப்பையும் விரலால் தடவிப் பார்க்கவேண்டும்.

இதில் இன்னொரு லாபம். வழியில் பின் டியூப் கிழிந்தால், அவசரத்துக்கு 21 டியூப்பை 18இல் மடித்துப் போட்டு மெதுவாக அடுத்த ஊர் வரை போகலாம். சின்னதைப் பெரியதில் இழுத்துப் போடுவது ஆபத்து, மெலிந்து கிழியும். ஆக இடம் இல்லையென்றால் 21 மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு டயர் லிவர், பேட்ச், கைப்பம்பு. பீடு, அதாவது ரிம்மில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிற டயர் ஓரம், கழன்று வரவில்லையென்றால் இன்னொரு பைக்கின் சைடு ஸ்டாண்டை டயர் ஓரத்தில் வைத்து அந்த வண்டியைச் சாய்த்தால் பொட்டென்று இறங்கும். இதை வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பழகுங்கள், லே போகிற வழியில் மோரே சமவெளிக் காற்றில் முதல்முறையாகச் செய்யாதீர்கள்.

பெட்டி வேண்டுமா பை வேண்டுமா என்று கேட்டவருக்கு: பை. அலுமினியப் பெட்டி ஓட்டல் வாசலில் அழகு, விழும்போது காலுக்கு எமன். வாட்டர்ப்ரூஃப் உறை உள்ளே இருக்கிற பையாகப் பாருங்கள், அவ்வளவுதான்.

டெலிவரி தேதி இன்னும் சொல்லவில்லை. வந்ததும் முதல் சர்வீஸ் வரை ஏற்காடு, மேட்டூர் மட்டும். அதற்குப் பிறகு முழு லக்கேஜோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு ஏற்றிப் பார்க்கப்போகிறேன். மணாலி–லே சாலையின் காட்டா லூப்ஸில் வளைவு 21தான், ஆனால் உயரம் வேறு. எந்த பைக் என்று கமெண்டில் கேட்கிறவர்கள், தயவுசெய்து உங்கள் உயரம், பின்னால் ஆள் உண்டா, எந்த மாதம் கிளம்புகிறீர்கள், மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் போடுகிறேன். அந்த ஸ்பேர்ஸ் கடையில் இன்னும் நான்கு டியூப் இருக்கிறது. சேலத்துக்காரர்கள் சீக்கிரம் போங்கள்.