நிறைவேறிய சட்டமும் நீதிமன்றத்தின் கேள்வியும்

நடுவர் அவர்களுக்கும், அட்டனில் கூடியிருக்கும் அவையோருக்கும் வணக்கம். பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை நீதிமன்றம் பின்னர் கேள்வி கேட்கலாமா என்பது தலைப்பு. கேட்டே ஆக வேண்டும் என்ற அணிக்காக நிற்கிறேன்.

தவறான சட்டத்தை மக்கள் அடுத்த தேர்தலில் வாக்கால் திருத்திக்கொள்வார்கள் என்றார் எதிரணி நண்பர். வாக்கையே பறித்த சட்டத்தை எந்த வாக்கால் திருத்துவது? 1947 தேர்தலில், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர் தம் பிரதிநிதிகள் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். குடியுரிமையைப் பறித்த 1948இன் குடியுரிமைச் சட்டமும், வாக்கைக் குடிமக்களுக்கே உரியதாக்கிய 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தபின், அப்படி அனுப்பியவர்களில் பெரும்பாலோரின் பெயர் 1952இல் வாக்காளர் பட்டியலான இடாப்பில் இல்லை. என் பாட்டி விடியுமுன்னே வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக் களத்துக்குப் போய், மழையிலும் மலையேறிக் கொழுந்து பறித்தவர். நிறுவையில் கொழுந்து குறைந்தால் அன்று அவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் பாதியாகவேனும் விழுந்த அந்தப் பேர், நாட்டின் இடாப்பில் விழவேயில்லை.

அன்று, சுதந்திரத்தின்போது நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆவது பிரிவும் இருந்தது, நீதிமன்றமும் இருந்தது, இருந்தும் என்ன பயன் என்று நண்பர் கேட்டார். கனமான கேள்விதான். ஒரு சமூகத்தின் மீது மட்டும் பாதகத்தைச் சுமத்தும் சட்டம் செல்லாது என்று அந்தப் பிரிவு சொல்லியும், கோடக்கன் பிள்ளை வழக்கில், அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த கோமறைக் கழகம் 1953இல், தன் குடிமக்கள் யாரென்று தீர்மானிப்பது சட்டமன்றத்தின் இயல்பான அதிகாரம் எனக் கருதி அச்சட்டங்களை ஏற்றுக்கொண்டது. எங்களுக்கு அது பெரும் அநீதி. ஆனால் அதே கழகம் 1964இல் ரணசிங்க வழக்கில் இலங்கைச் சட்டமொன்றின் ஏற்பாட்டைச் செல்லாதென்றதோடு, 29ஆவது பிரிவின் பாதுகாப்புகள் மாற்ற முடியாதவை என்றும் சொன்னது. வழி திறந்திருந்தால் நீதிபதிகளின் பார்வையும் மாறும்.

அந்த வழியை 1972இன் அரசியலமைப்பு அடைத்தது. 1978இன் அரசியலமைப்பிலும், நிறைவேறியதென்று சபாநாயகரின் சான்றுரை விழுந்த பிறகு எந்தச் சட்டத்தின் செல்லுபடியையும் எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்று 80(3) உறுப்புரை தடுக்கிறது; அந்த அரசியலமைப்புக்கு முந்திய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் தொடரும் என்று 16ஆவது உறுப்புரை காக்கிறது. எஞ்சியிருப்பது, இன்னும் நிறைவேறாத சட்டமூலமாக இருக்கும்போது சில நாட்களுக்குள் உயர் நீதிமன்றம் செல்லும் வாய்ப்பு மட்டுமே. தோட்டத்து லய வீட்டில் இருப்பவருக்கு அரச இதழான வர்த்தமானியின் சேதி எட்டுவதற்குள் அந்த நாட்கள் கழிந்துவிடும்.

ஒரு சட்டத்தின் பாரம் அது நடைமுறைக்கு வந்து, ஒருவரின் தலையில் விழும்போதுதான் தெரியும். அப்படித் தெரிந்தபின் அவர் கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குக் கொண்டுபோகும் மனுவை, சட்டம் நிறைவேறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பலாகாது என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.