பெரிய ஸ்கிரீன் இருந்தா டெக்னாலஜி நல்லா இருக்குன்னு அர்த்தமா? – உங்க சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம் நண்பர்களே, இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்திருக்கேன், ஏன்னா இதுக்கு ரெண்டு வரியில பதில் சொல்லி முடிக்க முடியாது. கேள்வியை அப்படியே படிச்சிடுறேன். "அண்ணா, ரெண்டு கார் பாத்து வச்சிருக்கேன். ஒண்ணுல டேஷ்போர்டு முழுக்க ஸ்கிரீன், ஏசில இருந்து சைடு மிரர் அட்ஜஸ்ட் பண்றது வரைக்கும் எல்லாமே டச். இன்னொண்ணுல ஸ்கிரீன் சின்னது, அதுக்கு கீழ பட்டன் வரிசையா இருக்கு. ஷோரூம்ல பாக்கும்போது முதல் கார்தான் சூப்பரா இருக்கு, வீட்டுலயும் அதைத்தான் சொல்றாங்க. உள்ள இருக்கிற டெக்னாலஜி உண்மையிலயே தரமானதான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? வாய்ஸ் கமாண்ட் இருக்கிறதால பட்டனே தேவையில்லைங்கிறாங்களே, சரியா? நான் பத்து வருஷம் வச்சிருக்கப் போறேன்."

ரொம்ப நல்ல கேள்வி தம்பி. முதல்ல அந்த ஷோரூம் விஷயத்தை பேசிடுவோம். அங்க கார் நின்னுட்டு இருக்கு, மேல வெயில் படல, சிஸ்டம் ஏற்கனவே ஆன்ல இருக்கு, நீங்க ரெண்டு கண்ணாலயும் ஸ்கிரீனையே பாத்துட்டு நிதானமா தட்டிட்டு இருக்கீங்க. இந்த நிலைமையில எந்த ஸ்கிரீனா இருந்தாலும் அழகாத்தான் தெரியும். ஓட்டும்போது அந்த ஸ்கிரீனுக்கு உங்க கண்ணு கொடுக்கக்கூடிய நேரம் ஒரு செகண்ட், மிஞ்சிப்போனா ஒன்றரை செகண்ட். அந்த நேரத்துக்குள்ள வேலை முடியுதா, அதை வச்சுத்தான் நான் தரத்தை முடிவு பண்ணுவேன். எத்தனை இன்ச், என்ன ரெசல்யூஷன், ஆம்பியன்ட் லைட் எத்தனை கலர்ல வருதுங்கிறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இது என் சொந்த அளவுகோல் மட்டும் இல்ல. அமெரிக்காவோட சாலைப் பாதுகாப்பு அமைப்பு என்எச்டிஎஸ்ஏ 2013ல கார் கம்பெனிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தாங்க, கட்டாயச் சட்டம் இல்ல, ஆனா அதுல சொன்னது இதுதான்: ஒரு தடவை ரோட்டை விட்டு கண்ணை எடுத்தா 2 செகண்டுக்கு மேல போகக்கூடாது, ஒரு வேலையை முடிக்க மொத்தமா 12 செகண்டுக்கு மேல ஆகக்கூடாது. 100 கிலோமீட்டர் வேகத்துல 2 செகண்டுன்னா கார் கிட்டத்தட்ட 55 மீட்டர் போயிடும், அந்த 55 மீட்டரும் நீங்க பாக்காமலே ஓட்டுன தூரம்.

இதை ஸ்வீடன்ல ஒரு கார் பத்திரிகை, வி பில்ஏகரேன்னு பேரு, 2022ல நேரடியாவே டெஸ்ட் பண்ணி பாத்தாங்க. 11 புது கார், கூட டச் ஸ்கிரீனே இல்லாத 2005 மாடல் வால்வோ வி70 ஒண்ணு. 110 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டிக்கிட்டே சீட் ஹீட்டர் போடணும், டெம்பரேச்சர் 2 டிகிரி ஏத்தணும், கண்ணாடில படியுற பனியை நீக்குற டீஃபிராஸ்டர் போடணும், ரேடியோவுல ஒரு ஸ்டேஷன் வைக்கணும், டிரிப் மீட்டர் ரீசெட் பண்ணணும், கடைசியா மீட்டர் வெளிச்சத்தை குறைச்சிட்டு நடு ஸ்கிரீனை அணைக்கணும். ஓட்டுறவங்களுக்கு முன்னாடியே காரைப் பழகிக்க நேரம் கொடுத்துட்டாங்க, அதனால தெரியாம தடுமாறினாங்கன்னு சொல்ல முடியாது. அந்த பழைய வால்வோல எல்லாம் முடிய 10 செகண்ட், 306 மீட்டர். கடைசியா வந்த எம்ஜி மார்வெல் ஆர்ல 44.9 செகண்ட், 1372 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கும் மேல!

ஆனா இதை வச்சு ஸ்கிரீன்னாலே மோசம்னு சொல்லிடாதீங்க. அதே டெஸ்ட்ல டாசியா சாண்டெரோ 13.5 செகண்ட்ல முடிச்சிடுச்சு, வால்வோ சி40 13.7, ரெண்டுலயும் டச் ஸ்கிரீன் இருக்கு. பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்ல பட்டன் சிலது இருந்தும் 30 செகண்ட் தாண்டிடுச்சு. அப்போ மெனுவை எப்படி அடுக்கி வச்சிருக்காங்க, அடிக்கடி வேணுங்கிறது முதல் பக்கத்துலயே இருக்கா இல்ல மூணு பக்கம் உள்ள போய் தேடணுமா, அதுலதான் எல்லாமே இருக்கு. காருக்குள்ள டச் ஸ்கிரீன் ஒண்ணும் புதுசும் இல்ல, 1986லயே ப்யூக் ரிவியேரால பழைய டிவி மாதிரி பிக்சர் டியூப் வச்சே ரேடியோவையும் ஏசியையும் டச்ல கொடுத்தாங்க, ரோட்டுல இருந்து கண்ணை எடுக்க வேண்டியிருக்குன்னு அன்னைக்கே குறை வந்துச்சு, சில வருஷத்துல எடுத்துட்டாங்க. அன்னைக்கு வந்த அதே குறையைத்தான் இன்னைக்கும் பேசிட்டு இருக்கோம்.

இப்போ ஏசியை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய் பாப்போம். திருகுற நாப் இருந்தா கை தானா அங்க போகும், விரல் பட்டதும் இதுதான்னு தெரியும், ஒவ்வொரு கிளிக்கா திருப்புறீங்க, எத்தனை கிளிக்னு விரலுக்கே தெரியுது, கண்ணு ரோட்டுலயே இருக்கு. டச்ல என்ன ஆகும், முதல்ல பாத்து ஏசி ஐகான் எங்கன்னு தேடணும், கையை நீட்டணும், கை அந்தரத்துல நிக்குது, அந்த நேரம் பாத்து ஒரு பள்ளம் வந்தா விரல் ஒரு இன்ச் நகர்ந்து பக்கத்துல இருக்கிற எதையோ தொட்டுடும், வேற பக்கம் திறந்துக்கும், திரும்ப பாத்து பின்னாடி வரணும், அப்புறம் நிஜமாவே மாறுச்சான்னு இன்னொரு தடவை பாக்கணும். ஒரு டிகிரி குறைக்க நாலு தடவை கண்ணு கீழ போகுது. கையை மணிக்கட்டுல தாங்கிக்க ஸ்கிரீனுக்கு கீழ ஒரு விளிம்பு கொடுத்திருக்காங்களான்னு பாருங்க, சின்ன விஷயம்தான், ஆனா அதை யோசிச்சு கொடுத்தவன் ஓட்டிப் பாத்து டிசைன் பண்ணியிருக்கான்னு அர்த்தம்.

யூரோ என்கேப் தெரியும்ல, கிராஷ் டெஸ்ட் பண்ணி ஸ்டார் கொடுப்பாங்களே, அவங்களே 2026ல இருந்து இண்டிகேட்டர், ஹசார்டு லைட், ஹாரன், வைப்பர், அவசர எஸ்ஓஎஸ் கால், இந்த அஞ்சுக்கும் தனியா பட்டனோ லீவரோ இல்லேன்னா முழு மார்க் கிடையாதுன்னு கொண்டு வந்துட்டாங்க. உங்க முதல் கார்ல இந்த அஞ்சும் எங்க இருக்குன்னு போய் பாருங்க, குறிப்பா வைப்பர் ஸ்பீடு ஸ்கிரீனுக்குள்ள இருந்தா நான் அந்த காரை எடுக்க மாட்டேன், திடீர்னு மழை அடிச்சு கண்ணாடி மறைக்கிற நேரத்துல மெனு தேட முடியாது.

சரி, டெஸ்ட் டிரைவ்ல என்னென்ன பாக்கணும். காரை முழுசா ஆஃப் பண்ணி, டோரை லாக் பண்ணிட்டு ஒரு அரை மணி நேரம் விட்டுட்டு வாங்க, ஏன்னா உடனே ஆன் பண்ணா சில சிஸ்டம் பாதி தூக்கத்துல இருந்து எழுந்து வேகமா வந்துடும், உண்மை தெரியாது. திரும்ப வந்து ஸ்டார்ட் பண்ணதும் நேரா ரிவர்ஸ் போடுங்க. கேமரா படம் எவ்வளவு நேரத்துல வருதுன்னு பாருங்க. அமெரிக்காவுல 2018 மே மாசத்துல இருந்து எல்லா புது கார்லயும் பின்பக்க கேமரா கட்டாயம், ரிவர்ஸ் போட்ட 2 செகண்டுக்குள்ள படம் வரணும்னு விதி. லோகோ சுத்திக்கிட்டே இருக்கு, படம் வரல, வந்தும் காருக்கு பின்னாடி ஒருத்தர் கை அசைச்சா படத்துல அரை செகண்ட் கழிச்சு அசையுதுன்னா உள்ள இருக்கிற பிராசஸர் வீக்னு முடிவு பண்ணிக்கலாம். புதுசுலயே லேக் ஆகுறது அஞ்சு வருஷம் அப்டேட் மேல அப்டேட் ஏறினதுக்கு அப்புறம் வேகமாகப் போறது இல்ல.

வெயில்ல நிறுத்தி பாருங்க, சூரியன் பின்னாடி இருந்து ஸ்கிரீன் மேல விழணும். கூலிங் கிளாஸ் போடுறவரா இருந்தா அதோட பாருங்க, போலரைஸ்டு கிளாஸ்ல சில ஸ்கிரீன் கருப்பாவே தெரியும், இதை வாங்கினதுக்கு அப்புறம் கண்டுபிடிச்சு வருத்தப்படுறவங்க நிறைய. ராத்திரியும் ஒரு தடவை ஓட்டணும், வெளிச்சம் எவ்வளவு குறையுதுன்னு பாக்கணும், பாதி ஸ்கிரீன் எப்பவும் வெள்ளையா எரிஞ்சா கண்ணு கூசும். சுத்தி பளபளன்னு கருப்பு பிளாஸ்டிக் கொடுத்திருந்தா வெயில்ல அதுவே கண்ணாடி மாதிரி அடிக்கும், கைரேகை வேற.

போனை கனெக்ட் பண்ணுங்க, போன்ல இருக்கிற மேப், பாட்டெல்லாம் கார் ஸ்கிரீன்ல காட்டுற ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்ப்ளேயோ, வயர்லெஸ்ல. மேப் ஓடிட்டு இருக்கும்போது பாட்டு போட்டு நடுவுல ஒரு கால் வரவைங்க, அங்கதான் சிஸ்டம் திணறும். ஃபேனை ஃபுல்லா வச்சிட்டு எதிர்ல இருக்கிறவருக்கு உங்க குரல் கேக்குதான்னு கேளுங்க, ஸ்பீக்கர் பத்தி எல்லாரும் பேசுறாங்க, மைக் பத்தி ஒருத்தரும் கேக்குறதில்ல. அப்புறம் போனை எடுத்துட்டு காரோட சொந்த மெனுவையும் பாருங்க, ஏன்னா போன் சைடு நல்லா இருந்தா அது போன் கம்பெனியோட வேலை, கார் கம்பெனியோட வேலை இல்ல.

வாய்ஸ் கமாண்ட் கேட்டிருந்தீங்க. அது இருக்கிறது நல்லது, நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், அட்ரஸ் போடுறதுக்கு, ஒருத்தருக்கு கால் பண்றதுக்கு டைப் பண்றதை விட நூறு மடங்கு மேல். ஆனா பட்டனுக்கு பதில் அதுன்னு சொல்றதை ஒத்துக்க மாட்டேன். ஃபேன் சத்தத்துல, பின் சீட்டுல குழந்தைங்க பேசிட்டு இருக்கும்போது அது புரிஞ்சுக்காது, நிறைய சிஸ்டம் நெட் இல்லேன்னா பாதி வேலை செய்யாது, சிக்னல் இல்லாத இடத்துல டெஸ்ட் பண்ணி பாருங்க. இன்னொண்ணு, கண்ணு ரோட்டுல இருந்தாலும் மனசு வேற எங்கயோ இருக்கும். அமெரிக்காவுல ஏஏஏங்கிற வாகன ஓட்டிகள் சங்கத்தோட அறக்கட்டளைக்காக யூட்டா யுனிவர்சிட்டி 2015ல பண்ண ஆய்வுல, வாய்ஸ் கமாண்ட் கொடுத்து முடிச்சதுக்கு அப்புறமும் கவனம் முழுசா திரும்ப 27 செகண்ட் வரைக்கும் ஆகலாம்னு வந்துச்சு.

கடைசியா பத்து வருஷம்னு சொன்னீங்களே, இதைத்தான் யாரும் யோசிக்கிறதில்ல. இன்ஜின் பத்து வருஷம் தாங்கும், உள்ள இருக்கிற மெமரி சிப் தாங்குமா? 2021ல டெஸ்லா கிட்டத்தட்ட 1,35,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களை ரீகால் பண்ணாங்க, காரணம் 8 ஜிபி ஃப்ளாஷ் மெமரி. அதுல ஓயாம டேட்டா எழுதி எழுதி அஞ்சாறு வருஷத்துல அது தேஞ்சு போச்சு, ஸ்கிரீன் செத்துச்சு, ஸ்கிரீன் செத்ததும் ரிவர்ஸ் கேமராவும் கண்ணாடி மூடுபனியை நீக்குற டீஃபாகர் கண்ட்ரோலும் சேர்ந்தே போச்சு. எல்லாத்தையும் ஒரே ஸ்கிரீனுக்குள்ள வச்சா அது போகும்போது எல்லாம் சேர்ந்து போகும், உங்க முதல் கார்ல எனக்கு இருக்கிற பெரிய பயமே அதுதான். 2022ல அமெரிக்காவுல 3ஜி நெட்வொர்க்கை நிறுத்தினப்போ கார் நல்லா இருந்தும் நிறைய கார்கள்ல ஆன்லைன் வசதிகள் வேலை செய்யாம போச்சு, கார் காரணம் இல்ல, ஓனரும் காரணம் இல்ல. அதனால ஸ்கிரீன் யூனிட் வாரண்டி எத்தனை வருஷம், சாஃப்ட்வேர் அப்டேட் எத்தனை வருஷம் கொடுப்பாங்க, எந்த வசதிக்கெல்லாம் பின்னாடி சந்தா கட்டணும், இந்த மூணையும் வாயால கேக்காதீங்க, எழுத்துல வாங்குங்க. ஸ்கிரீன் அணைஞ்சு போனா எதெல்லாம் வேலை செய்யும்னும் கேளுங்க, சேல்ஸ்ல இருக்கிறவருக்கு தெரியலேன்னா சர்வீஸ் பக்கம் போய் கேளுங்க, அவங்களுக்கு தெரியும்.

நீங்க சொன்னதை மட்டும் வச்சு பாத்தா ரெண்டாவது கார் பக்கம்தான் நான் சாய்வேன், ஆனா அதுலயும் கேமரா, மைக், போன் கனெக்ஷன் சொதப்பினா பட்டன் இருக்குங்கிறதுக்காக எடுத்துடாதீங்க. டெஸ்ட் டிரைவ் முடிச்சு இறங்கும்போது மறக்காம புளூடூத் லிஸ்ட்ல போய் உங்க போனை டெலீட் பண்ணிட்டு இறங்குங்க, உங்க காண்டாக்ட்ஸும் கால் ஹிஸ்டரியும் அந்த கார்ல சிங்க் ஆகி உக்காந்திருக்கும், அடுத்து ஓட்டிப் பாக்க வர்றவருக்கு அது தெரிய வேண்டியதில்ல.