பூனைக்கோ நாய்க்கோ கருத்தடை ஆபரேஷன் பண்ண, ஒரு தடவை குட்டி போடட்டும்னு காத்திருக்கீங்களா?

[காட்சி: மலேசியா, பினாங்கு, ஜெலுத்தோங்கில் ஒரு பிளாட். இரவு. மாடிப்படியில் மங்கலான விளக்கு.]

ராத்திரி ரெண்டு மணி. கீழே மாடிப்படியில கைக்குழந்தை அழற மாதிரி ஒரு சத்தம். பினாங்குல பிளாட்டுல குடியிருக்கிறவங்களுக்கு அது யாருன்னு சொல்ல வேண்டியதே இல்ல. பொட்டைப் பூனை ஜோடி தேடுது. நாம ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்துக்குவோம். ரெண்டு மாசம் போனா, செருப்பு அலமாரிக்கு அடியில நாலு குட்டி.

இந்தக் கச்சேரி இங்க ஏன் வருஷம் பூரா நடக்குது? பகலோட நீளம்தான் காரணம். வெளிச்சத்தை வெச்சுத்தான் பூனை பருவத்துக்கு வரும். லண்டன்ல குளிர்காலத்துல பகல் 8 மணி நேரமாச் சுருங்கிடும், அங்க பூனையும் சில மாசம் அடங்கிடும். பினாங்கு பூமத்திய ரேகைக்கு வடக்கே 5 டிகிரியிலதான் இருக்கு. டிசம்பரோ ஜூனோ, பகல் கிட்டத்தட்ட 12 மணி நேரம். அதனால நம்ம ஊர்ப் பூனைக்கு லீவே கிடையாது.

[காட்சி: தாய்ப் பூனை, பால் குடிக்கும் குட்டிகள்.]

இப்ப கணக்குக்கு வருவோம். பொட்டைக் குட்டி 4, 5 மாசத்துலேயே சினை பிடிக்கலாம். நம்ம கண்ணுக்கு அதுவே இன்னும் குட்டிதான்! சினைக்காலம் 9 வாரம். பால் கொடுத்துட்டு இருக்கும்போதே மறுபடி சினை ஆகலாம். அதுக்கு மேல, பூனைக்குக் கருமுட்டை வெளிவர்றதே பெரும்பாலும் இணை சேர்ந்த பிறகுதான், அதனால குறி தப்புறது குறைவு. அண்ணன் தங்கச்சி முறையும் அதுங்களுக்குக் கிடையாது. ஒரே வீட்டுல ஒண்ணா வளர்ந்த ரெண்டு குட்டியே போதும்.

"பாவம், ஒரு தடவையாவது பெத்துப் பார்க்கட்டுமே." எங்க அம்மாவும் இதைத்தான் சொன்னாங்க. பாசம்தான், ஆனா உடம்பு சொல்றது வேற. ஆறு மாசத்துக்குள்ள கருத்தடை ஆபரேஷன் ஆன பூனைக்கு மார்புப் புற்றுநோய் ஆபத்து 90 சதவீதம் வரைக்கும் குறையுதுன்னு ஆய்வு காட்டுது. பூனைக்கு மார்புல வர்ற கட்டியில பெரும்பாலானது புற்றுநோய்தான். நாம காத்திருக்கக் காத்திருக்க அந்தப் பாதுகாப்பு கைநழுவிப் போகும்.

நாய்க்கு இன்னொரு ஆபத்து, கர்ப்பப்பையில சீழ் பிடிக்கிறது. பருவம் முடிஞ்சு சில வாரத்துல வரும். நாய் மடக்கு மடக்குன்னு தண்ணி குடிக்கும், சாப்பாட்டைத் தொடாது. சில நாய்க்குப் பின்னாடி சீழ் வடியும், சிலதுக்கு வெளியே ஒண்ணுமே தெரியாது. தெரியாததுதான் ரொம்ப மோசம். ஸ்வீடன்ல கருத்தடை ஆபரேஷனைப் பரவலாப் பண்ற வழக்கம் இல்லாததால கணக்கு எடுக்க முடிஞ்சது: 10 வயசுக்குள்ள சுமார் நாலுல ஒரு பெட்டை நாய்க்கு இது வந்திருக்கு. கர்ப்பப்பையை எடுத்துட்டா சீழ் பிடிக்க இடமே இல்ல.

[காட்சி: மோட்டார் சைக்கிள் சீட்டில் கடுவன் பூனை.]

"எங்களோடது கடுவன், அதுக்கு எதுக்கு?" இப்படிக் கேட்கிறவர் வீட்டுல குட்டி பிறக்காது, சரி. பக்கத்து வீட்டுல பிறக்குமே! ஆபரேஷன் ஆனா அங்கங்க மூத்திரம் பீய்ச்சுற பழக்கம் பெரும்பாலான கடுவனுக்குக் குறைஞ்சிடும். சண்டையும் குறையும். பூனை எய்ட்ஸ்னு சொல்ற வைரஸ் முக்கியமாக் கடிபட்ட காயம் வழியாத்தான் பரவுது (மனுஷனுக்கு ஒட்டாது, பயப்படாதீங்க). ஒரு விஷயம்: ஆபரேஷன் ஆன பிறகும் சில வாரம் கடுவனால குட்டி உண்டாக்க முடியும். வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து விட்டுடாதீங்க.

குறையே இல்லையான்னா, இருக்கு. பசி கூடும், உடம்பு பெருக்கும். சோற்றை அளந்து போடணும். பெரிய ஜாதி நாய்னா எலும்பு வளர்ந்து முடியட்டும்னு டாக்டர் சொல்லலாம், அதைக் கேளுங்க. செலவு கிளினிக்குக்குக் கிளினிக் வேறுபடும். பொட்டைக்கு வயித்தைத் திறக்கணும், அதனால கூடுதல். ரெண்டு மூணு இடத்துல விசாரிங்க, எஸ்பிசிஏ (பிராணி வதைத் தடுப்புச் சங்கம்) மாதிரி அமைப்புகள்கிட்டயும் கேளுங்க.

2015 செப்டம்பர்ல பினாங்குல வெறிநாய்க்கடி நோய் வந்தப்ப, தெரு நாய்களைக் கொல்ல மாநில அரசு முடிவு பண்ணுச்சு. எதிர்ப்பும் பலமா இருந்துச்சு. அந்த நாய்கள் எல்லாமே தெருவுலயே தோன்றினது இல்ல. எத்தனையோ நாய்க்குப் பாட்டியோ பூட்டியோ யாரோ ஒருத்தர் வீட்டு வாசல்ல கட்டிக் கிடந்ததுதான்.

[காட்சி: நாசி கண்டார் கடை. மேசைக்கு அடியில் ஒரு பூனை.]

அடுத்த தடவை சாப்பிடப் போறப்ப, காலடியில பூனை வந்து உரசினா அதோட காதைப் பாருங்க. நுனி நேரா வெட்டியிருந்தா, ஐயோன்னு பதற வேண்டாம். யாரோ அதைப் பிடிச்சு, ஆபரேஷன் பண்ணி, பழைய இடத்துலயே கொண்டு வந்து விட்டிருக்காங்கன்னு அடையாளம். மயக்கத்துல இருக்கும்போதே வெட்டிடுவாங்க, வலி தெரியாது.

ரெண்டு காதும் முழுசா இருந்தா, கல்லாவுல இருக்கிறவர்கிட்ட கேளுங்க: "அண்ணே, இந்தப் பூனையை யாரு பார்த்துக்கிறாங்க?"