தோட்டத்தை முதலில் பாருங்கள்

(பாரிஸில் தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

"ஒரே நாளில் போய்வரக்கூடிய அரண்மனைகளைப் பற்றிச் சொல்லுங்கள். வெர்சாய் வேண்டாம், அதை எல்லாரும் பார்த்தாயிற்று" என்று தலைவர் சொல்லிவிட்டார். எனக்கும் அது வசதிதான். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் ஈஃபில் கோபுரம், வெர்சாய், நம் கடைத்தெருவான லா சப்பலில் சேலைக்கடை. நம் எல்லார் வீட்டிலும் இதே வழித்தடம். வெர்சாயில் வரிசையில் நின்று, கண்ணாடி மண்டபத்தில் முன்னால் நிற்பவர் தலைக்கு மேல் கைபேசியைத் தூக்கி ஒரு படம் எடுப்பதற்குள் கால் வலி வந்துவிடுகிறது. தோட்டத்துக்குள் போகாமலே திரும்பிவிடுகிறோம். நான் சொல்ல வந்தது இதற்கு நேர்மாறு. தோட்டத்தை முதலில் பாருங்கள், நேரம் மிஞ்சினால் மாளிகைக்குள் போங்கள்.

காரணம் இருக்கிறது. இந்த ஊரைச் சுற்றியிருந்த மாளிகைகளில் பல இன்று இல்லை. சான்-க்ளூ மாளிகை 1870இல் பிரஷ்யப் போரில் எரிந்துபோனது. மார்லியில் பதினான்காம் லூயி அரசர் ஓய்வுக்கென்று கட்டியது புரட்சிக்குப் பிறகு கல் கல்லாகப் போயிற்று. இரண்டு இடத்திலும் பூங்கா மட்டும் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் நாயோடும் பிள்ளையோடும் அதில் உலாவுகிறார்கள். சுவரை இடித்து விற்றுவிடலாம், மண்ணில் வெட்டிய கோடுகளை அவ்வளவு எளிதில் அழிக்க முடியவில்லை.

அந்தக் கோடுகளை வரைந்தவர் ஆந்த்ரே லெ நோத்ர். பாரிஸின் துயிலரி அரண்மனைத் தோட்டக்காரர் குடும்பத்துப் பிள்ளை. இளமையில் சிமோன் வூவே என்ற ஓவியரின் பட்டறையில் பயின்றவர். அந்தப் படிப்பு எங்கே வேலை செய்தது என்று பார்க்க வோ-லெ-விகோந்த் போக வேண்டும். மெலன் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. லூயியின் நிதியமைச்சர் நிக்கோலா ஃபூக்கே 1656 முதல் 1661 வரை கட்டிய மாளிகை.

மாளிகையின் தோட்டத்துப் படியில் நின்று நேரே பாருங்கள். புல்வெளி, வட்டக் குளம், அப்பால் சதுரக் குளம், அதன் விளிம்பை ஒட்டினாற்போல் குகை குகையாக ஒரு கற்சுவர், மேட்டின் மேல் பொன்னிற ஹெர்குலிஸ். பத்து நிமிஷத்தில் தொட்டுவிட்டு வரலாம் போலிருக்கும். நடந்து பாருங்கள். நீங்கள் நெருங்க நெருங்க அந்தச் சுவர் பின்வாங்கும். சதுரக் குளத்தைத் தாண்டியதும் தரை சட்டென்று சரிந்து, அடியில் குறுக்காக ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் கிடக்கும். மாளிகையிலிருந்து அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெரியாது! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்போம், இந்த மனிதர் மறைத்துவிட்டார். தூரத்துக் குளத்தைப் பெரிதாகவும் பக்கத்துக் குளத்தைச் சிறிதாகவும் வெட்டினார். நிலத்தைத் தட்டுத் தட்டாக இறக்கினார். கண் ஏமாறுகிறது, கால்தான் உண்மையைச் சொல்கிறது. ஹெர்குலிஸ் காலடி வரை போகாமல் திரும்பாதீர்கள். பாதியில் திரும்பினால் பாதித் தோட்டம்கூடப் பார்த்ததாகாது.

1661 ஆகஸ்ட் 17 அன்று ஃபூக்கே இங்கே அரசருக்கு விருந்து வைத்தார். மோலியேரின் புது நாடகம், வாணவேடிக்கை, எல்லாம் இருந்தது. செப்டம்பர் 5 அன்று, அரசருக்கு 23 வயது நிறைந்த அதே நாளில், நாந்த் நகரில் அரசரின் படைவீரர் தார்த்தஞான் ஃபூக்கேயைக் கைது செய்தார். விருந்தின் ஆடம்பரத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டுத்தான் அரசர் இப்படிச் செய்தார் என்பது எல்லாரும் சொல்லும் கதை. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அமைச்சரை ஒழிக்கும் முடிவு விருந்துக்குச் சில மாதம் முன்பே எடுத்தாகிவிட்டது. நீதிமன்றம் நாடுகடத்தச் சொன்னது, அரசரோ அதை ஆயுள் சிறையாக்கினார். ஃபூக்கே 1680இல் சிறையிலேயே இறந்தார். அவருடைய ஆரஞ்சு மரங்கள் வெர்சாய்க்குப் போயின. கட்டடக் கலைஞர் லெ வோ, ஓவியர் லெ ப்ரன், தோட்டத்துக்கு லெ நோத்ர் என்ற மூவர் கூட்டணியும் வெர்சாய்க்கே போனது. பாழடைந்து கிடந்த வோ-லெ-விகோந்த் மாளிகையை 1875இல் ஏலத்தில் எடுத்து மீட்டவர் சொமியே என்ற சர்க்கரை ஆலை முதலாளி.

ஃபூக்கே வீட்டு விருந்துகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் வாத்தெல். பின்னால் கோந்தே இளவரசரிடம் வேலைக்குச் சேர்ந்தார். கோந்தேயின் இருப்பிடம் ஷாந்தியி. முன்பு அரசருக்கு எதிராக வாளெடுத்தவர் அவர், ஆகவே 1671 ஏப்ரலில் லூயி அங்கே வந்தபோது எந்தக் குறையும் வந்துவிடக் கூடாது என்று தவித்தார். முதல் இரவே சில மேசைகளுக்கு வறுத்த இறைச்சி எட்டவில்லை. மேகம் மூடி வாணவேடிக்கையும் கெட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை, இறைச்சி கூடாது, மீன்தான். விடியற்காலையில் இரண்டே சுமை மீன் வந்தது. "இவ்வளவுதானா?" என்று கேட்ட வாத்தெல், அறைக்குப் போய்க் கதவில் வாளை ஊன்றி அதன்மேல் பாய்ந்து உயிரை விட்டார். அதற்குள் நாலா பக்கமிருந்தும் மீன் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்துப் பிரபுகுலப் பெண்மணி மதாம் த செவினியே தன் மகளுக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் சொல்கிறார்.

வாத்தெல் ஏறிய படிக்கட்டு எது என்று ஷாந்தியியில் தேடாதீர்கள். பெரிய மாளிகையைப் புரட்சிக்காலத்தில் தகர்த்துவிட்டார்கள்; இப்போது நிற்பது 19ஆம் நூற்றாண்டில் ஓமால் கோமகன் எழுப்பியது. லெ நோத்ர் வெட்டிய நீர்ப்பரப்புகள் மட்டும் அன்றைய இடத்திலேயே வானத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஆனாலும் இங்கே மட்டும் என் விதியைத் தளர்த்துகிறேன், உள்ளே போங்கள். ராஃபேலின் 'மூன்று தேவியர்' ஓவியம் பதினேழு சென்டிமீட்டர் சதுரம்தான், ஒரு கையால் மூடிவிடலாம். எதையும் இரவல் தரக் கூடாது, மாட்டிய இடத்தை மாற்றக் கூடாது என்று கோமகன் எழுதி வைத்துவிட்டுப் போனதால் அது வேறெங்கும் பயணம் போவதில்லை. நாம்தான் போக வேண்டும். குதிரை லாயம் 186 மீட்டர் நீளம். மறுபிறவியில் குதிரையாகப் பிறப்பேன் என்று நம்பி ஒரு கோந்தே கட்டினாராம். நம்புவது உங்கள் இஷ்டம்.

கடைசியாக சோ என்ற ஊர். ஃபூக்கேயைக் கவிழ்த்த, லூயியின் அமைச்சர் கோல்பேர் 1670இல் வாங்கிய இடம். தோட்டத்துக்கு அழைத்தது யாரை என்கிறீர்கள்? அதே லெ நோத்ர்! ஓவியத்துக்கு அதே லெ ப்ரன். கோல்பேரின் மாளிகையும் போய்விட்டது, இப்போதிருப்பது 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம். இந்த கோல்பேர் 1664இல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிதான் 1674இல் பிரான்சுவா மார்த்தேன் மூலம் புதுச்சேரியில் காலூன்றியது. புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் தேடினால் அந்த மனிதரின் வாசலில் போய் முடியும். ஏப்ரலில் செர்ரி பூக்கும்போது நம்மவர்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு சோவுக்குப் போகிறார்கள். யார் வீட்டுத் தோட்டத்தில் சாப்பிடுகிறோம் என்று அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது.

போகும் வழியையும் சொல்லிவிடுகிறேன். சோவுக்கு ஆர்.இ.ஆர். என்ற புறநகர் ரயிலில் பி பாதை. ஷாந்தியியும் மெலனும் ஆர்.இ.ஆர். டி பாதையிலேயே இருக்கின்றன, ஒன்று வடக்கே, மற்றது தெற்கே. வாத்தெலின் இரண்டு எஜமானர்களும் ஒரே தடத்தில்! மெலனில் இறங்கினால் இன்னும் ஆறு கிலோமீட்டர் போக வேண்டும், நாலு பேராகச் சேர்ந்து டாக்சி பிடிப்பது நல்லது. கோடைச் சனிக்கிழமை மாலைகளில் வோவில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அன்றைக்கானால் கடைசி ரயிலைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஷாந்தியி நிலையத்திலிருந்து மாளிகைக்கு அரை மணி நடை. அது பாரிஸைச் சுற்றிய இல்-த-பிரான்ஸ் வட்டாரத்தின் எல்லைக்கு வெளியே வாஸ் மாவட்டத்தில் இருக்கிறது. உங்கள் நவிகோ பயண அட்டை அங்கே செல்லாது, தனி டிக்கெட் எடுங்கள். பரிசோதகர் வந்தபின் வரலாறு பேசிப் பயனில்லை.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.