கழுத்தைத் தொட்டுப் பார்த்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைக்குக் கண் மஞ்சளித்தால் கல்லீரலில்தான் கோளாறு என்று எண்ணி, நாம் கீழாநெல்லியைத் தேடுகிறோம். சுமார் 120 நாட்கள் வாழவேண்டிய சிவப்பணுக்களைப் பிள்ளையின் உடலே சில நாட்களில் அழித்துவிடும்போதும் இதே மஞ்சள்தான் தெரியும். கூடவே முகம் வெளிறும், சிறுநீர் கறுக்கும். தன் அணுவையே பகையென்று கொண்டு உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளே இதற்குக் காரணம். அது இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைத் தாக்கினால், அடிபடாமலே தோல் கன்றும், மூக்கில் இரத்தம் வடியும். இத்தகைய பிள்ளைகளுள் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் கிடையாது. மிகச் சிலருக்கு மட்டும் இதன் பின்னணியில் லிம்ஃபோமா எனும் நிணநீர்ப் புற்றுநோய் மறைந்திருக்கும்.

அந்த எதிர்ப்பொருளைக் காட்டிக்கொடுக்கும் கூம்ப்ஸ் சோதனையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. ராபின் கூம்ப்ஸ் படித்தது கால்நடை மருத்துவம். போர்க்கால இரவொன்றில், இலண்டனிலிருந்து கேம்பிரிட்ஜ் திரும்பும் இரயிலில், மங்கிய விளக்கொளியில் எதையும் படிக்க இயலாமல், அணுவின்மேல் ஒட்டிய எதிர்ப்பொருளை அவர் மனக்கண்ணில் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பொருளும் ஒரு புரதம்தானே, அதைப் பற்றிக்கொள்ளும் வேறோர் எதிர்ப்பொருளை முயலின் உடலில் உண்டாக்கிச் சேர்த்தால் அணுக்கள் கொத்தாகத் திரளுமே என்று அவருக்குத் தோன்றியது. 1945இல் மூரன்ட், ரேஸ் ஆகிய ஆய்வாளர்களுடன் அதை வெளியிட்டார். இரத்த வங்கிகள் இன்றும் அந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன.

ஆனால் அணுவின்மேல் எதிர்ப்பொருள் இருக்கிறது என்றுதான் அச்சோதனை சொல்லும். அது ஏன் உண்டாயிற்று என்று சொல்லாது. முடிவு வந்ததும், உடலின் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை எழுத மருத்துவரின் கை நீளும். ஸ்டீராய்டு இரத்தத்தை மீட்கும், மெய்தான். லிம்ஃபோமாவையும் தற்காலிகமாகச் சுருக்கிவிடும், பிறகு சதைத்துணுக்கை எடுத்துப் பார்த்தாலும் நோய் பிடிபடாமல் போகலாம். ஆகவே, உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாவிட்டால், முதலில் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் நெறி கட்டியிருக்கிறதா, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டும், மார்பை எக்ஸ்ரே எடுக்கவேண்டும். சளி பிடித்தால் நெறி கட்டுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. வலியின்றிக் கெட்டியாக, வாரக்கணக்கில் வற்றாமல் நிற்பது, அதிலும் காறையெலும்புக்கு மேலே நிற்பது, வேறு. மருத்துவர் கேட்காவிட்டாலும் பெற்றோர் அதைச் சொல்லவேண்டும். மீண்டும் சொல்கிறேன், மருந்து தொடங்குமுன் சொல்லவேண்டும்.

நேரம் முடிவதாகக் கை காட்டுகிறார்கள். சாகவேண்டிய நிணநீரணுக்கள் சாகாமல் தங்கிவிடும் பரம்பரைக் குறை ஒன்று இரத்த அழிவு, லிம்ஃபோமா ஆகிய இரு நோய்க்கும் வழிவிடும் என்பதையும், அதற்கான ஃபாஸ் மரபணு மாற்றம் 1995இல் கண்டறியப்பட்டதையும் விரித்துரைக்க எண்ணியிருந்தேன். லிம்ஃபோமாவுக்குச் சிகிச்சை தொடங்கியபின் இரத்த அழிவும் தணிவதுண்டு. சிலருக்குச் சிகிச்சை முடிந்த பின்னரும் அது தோன்றும் என்பதால், அப்போது கண் மஞ்சளித்தாலும் பழைய சிகிச்சைக் குறிப்புகளோடு அதே மருத்துவரிடம் செல்லுங்கள். வணக்கம்.