உங்கள் எடையைத் தருவது தரைதான்

வணக்கம் நண்பர்களே. மைக் சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன். சரி, கேட்கிறது. இன்றைக்குப் புவியீர்ப்பு. ஆப்பிள் கதை வராது, பயப்படாதீர்கள். நேராகச் சோதனைக்கே போய்விடுவோம்.

கையில் இருப்பது சாதாரண பிளாஸ்டிக் பாட்டில். அடியில், ஓரமாக, ஆணியைக் காய்ச்சி ஒரு துளை போட்டிருக்கிறேன். மூடியைக் கழற்றியாயிற்று. துளையை இப்போது விரல் அடைத்துக்கொண்டிருக்கிறது. விரலை எடுக்கிறேன். தண்ணீர் வளைந்து பீய்ச்சுகிறது, தெரிகிறதா? இப்போது பாட்டிலைக் கீழே இருக்கும் வாளிக்குள் அப்படியே விடுகிறேன். விழுந்துவிட்டது. இந்த வேகத்தில் எதுவும் பிடிபட்டிருக்காது. அதே காட்சியை மெதுவாக ஓட்டுகிறேன், துளையை மட்டும் பாருங்கள். கை விட்டதுமே தாரை அறுந்துபோகிறது. வாளியைத் தொடும்வரை துளையிலிருந்து புதிதாக ஒரு சொட்டுகூட வரவில்லை. துளை திறந்தேதான் இருக்கிறது, தண்ணீரும் உள்ளேதான் இருக்கிறது.

ஏன் வரவில்லை? துளை வழியாகத் தண்ணீர் வர வேண்டுமென்றால் மேலே இருக்கும் தண்ணீர் கீழே இருப்பதை அழுத்த வேண்டும். பாட்டிலின் அடித்தட்டு தடுத்து நிற்பதால்தான் அந்த அழுத்தமே உண்டாகிறது. பாட்டில் விழும்போது தட்டும் தண்ணீரும் ஒரே வேகத்தில் இறங்குகின்றன. யாரும் யாரையும் தடுக்கவில்லை, அதனால் யாரும் யாரையும் அழுத்தவுமில்லை. ஆனால் விழும்போதும் பூமி இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு துளியும் குறையவில்லை. காணாமல் போனது ஈர்ப்பு அல்ல, எடை.

இந்த வீடியோவில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: ஈர்ப்பை நாம் உணர்வதே இல்லை. உட்கார்ந்திருக்கும்போது உணர்வது நாற்காலி மேல்நோக்கித் தள்ளுவதை. நிற்கும்போது உணர்வது தரை பாதத்தைத் தள்ளுவதை. அந்தத் தள்ளலுக்குத்தான் எடை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நம்பிக்கை வரவில்லையென்றால் உங்கள் கைபேசியைக் கேளுங்கள். அதற்குள் முடுக்கமானி என்று ஒரு சில்லு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய சிலிக்கன் எடை ஒன்று, மெல்லிய சிலிக்கன் வில்களில் தொங்குகிறது. அது எவ்வளவு நகர்கிறது என்பதை வைத்து முடுக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். உணர்வி அளவுகளைக் காட்டும் இலவசச் செயலிகள் நிறைய இருக்கின்றன, ஏதாவது ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். மேசைமேல் அசையாமல் கிடக்கும் கைபேசி என்ன காட்ட வேண்டும்? சுழி என்றுதானே நினைப்போம்? இதோ திரையில் 9.8 ஓடுகிறது. நொடிக்கு நொடி 9.8 மீட்டர் வேகம் கூடும் முடுக்கம், அதுவும் மேல்நோக்கி. மேசை அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. இப்போது தலையணைமேல் போடுகிறேன். தரையில் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள். வரைபடத்தைப் பாருங்கள்: 9.8, பிறகு சட்டென்று சுழியை ஒட்டி ஒரு பள்ளம், தலையணையில் மோதியதும் ஒரு கூர்முனை, மறுபடியும் 9.8. விழுந்த நேரத்தில்தான் சுழி. ஒரு மீட்டர் விழ அரை நொடிகூட ஆகாது என்பதால் அந்தப் பள்ளம் குறுகலாக இருக்கிறது.

1907-ஆம் ஆண்டு பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டைனுக்குத் தோன்றியதும் இதுதான். தடையில்லாமல் விழும் மனிதன் தன் எடையை உணர மாட்டான். தன் வாழ்க்கையிலேயே மிக மகிழ்ச்சியான எண்ணம் அது என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு எட்டு ஆண்டுகள் போராடி, 1915-இல் பொதுச் சார்பியலை முடித்தார். அவர் கையில் கைபேசி இல்லை. நம் கையில் இருக்கிறது, நாம் அதில் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது வேறு கதை.

லிஃப்டில் ஏறும்போது எடைக்கருவியைக் கொண்டுபோய் அதன்மேல் நின்று பாருங்கள். கூட வருபவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பொருட்படுத்த வேண்டாம். லிஃப்ட் மேலே கிளம்பும்போது அதன் வேகம் நொடிக்கு நொடி 1 மீட்டர் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ ஆள் அந்த ஓரிரு நொடிக்கு 66 கிலோ காட்டுவார். சீரான வேகம் வந்ததும் பழையபடி 60. மேலே போய் நிற்கப்போகும்போது 54. உங்கள் உடலில் ஒரு கிராம்கூட ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தள்ளியது மட்டும்தான் மாறியது.

அடுத்து, எனக்கு எரிச்சலூட்டும் ஒரு விஷயம். விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லை, அதனால் வீரர்கள் மிதக்கிறார்கள் என்று இன்னமும் எழுதுகிறார்கள், வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நிலையம் இருப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். பூமியின் ஆரம் ஏறத்தாழ 6,370 கிலோமீட்டர். அதோடு 400 சேர்ந்தால் ஈர்ப்பு எவ்வளவு குறைந்துவிடும்? தரையில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. அந்த உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி உச்சியில் நின்றால் நீங்கள் மிதக்க மாட்டீர்கள், கால் வலிக்க நிற்பீர்கள். 60 கிலோ ஆளை எடைக்கருவி 53 கிலோ என்று காட்டும், அவ்வளவுதான்.

பிறகு ஏன் மிதக்கிறார்கள்? விழுந்துகொண்டிருக்கிறார்கள். நம் பாட்டிலைப் போலவே நிலையமும், உள்ளே இருக்கும் ஆளும், அவர் கையிலிருந்து நழுவிய பேனாவும் சேர்ந்து விழுகின்றன. தரையில் வந்து மோதாததற்குக் காரணம் பக்கவாட்டு வேகம். இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். எந்தப் பொருளும் முதல் நொடியில் சுமார் 5 மீட்டர் விழுகிறது. பூமி உருண்டை என்பதால், நேர்கோட்டில் 8 கிலோமீட்டர் போனால் தரையும் நமக்குக் கீழே சுமார் 5 மீட்டர் தாழ்ந்திருக்கும். ஆகவே நொடிக்கு 8 கிலோமீட்டர் போகிறவன் எவ்வளவு விழுகிறானோ அவ்வளவு தரையும் விலகிக்கொண்டே இருக்கும். விழுந்து முடிக்கவே முடியாது. நிலையத்தின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர்.

நியூட்டன் இதே கணக்கை நிலவுக்குப் போட்டார். நிலவு இருப்பது பூமியின் ஆரத்தைப்போல் சுமார் 60 மடங்கு தூரத்தில். தூரத்தின் இருமடிக்கேற்ப ஈர்ப்பு குறையுமென்றால் அங்கே அது 3,600-இல் ஒரு பங்காக இருக்க வேண்டும். 4.9 மீட்டரை 3,600-ஆல் வகுத்தால் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நிலவு தன் பாதையில் ஒரு நொடிக்கு நேர்கோட்டிலிருந்து வளைந்து விழுவதும் அதே அளவுதான். மேசையிலிருந்து உருண்டு விழும் பேனாவுக்கும் வானத்து நிலவுக்கும் ஒரே சட்டம் என்று 1687-இல் அச்சில் வந்தது.

இவ்வளவு பெரிய காரியங்களைச் செய்யும் விசை, உண்மையில் படு நோஞ்சான். இந்தக் குண்டூசியைப் பாருங்கள். ஒரு முழுப் பூமியும் கீழே இழுக்கிறது. மேலே ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டுவருகிறேன். தாவிவிட்டது. 60 கிலோ எடையுள்ள இருவர் ஒரு மீட்டர் இடைவெளியில் நின்றால் ஒருவரையொருவர் ஈர்க்கும் விசை, ஒரு கிராமில் 40,000-இல் ஒரு பங்குகூட இல்லாத தூசியின் எடைதான். இப்படிப்பட்ட விசையைத்தான் 1798-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி கேவெண்டிஷ் அளந்தார். ஒவ்வொன்றும் சுமார் 158 கிலோ கொண்ட இரண்டு ஈயக் குண்டுகள். மெல்லிய கம்பியில் தொங்கும் ஒரு தண்டு, அதன் இரு முனையிலும் சின்னக் குண்டுகள். பெரியவை சின்னவற்றை இழுக்கும்போது தண்டு எவ்வளவு திரும்புகிறது என்பதுதான் அளவு. உடல் சூட்டில் காற்று அசைந்தால்கூட அளவு கெட்டுவிடும் என்பதால் கருவியை அறைக்குள் பூட்டிவிட்டு, சுவரில் துளையிட்டு, வெளியே நின்று தொலைநோக்கியால் பார்த்தார். அந்த இழுப்பைப் பூமியின் இழுப்போடு ஒப்பிட்டு, பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல் 5.48 மடங்கு என்று கண்டுபிடித்தார். இன்றைய மதிப்பு 5.51. மேல்தரைப் பாறைகளின் அடர்த்தி சுமார் 2.7 மட்டுமே என்பதால், உள்ளே மிகக் கனமான ஏதோ இருக்க வேண்டும் என்பதும் அப்போதே உறுதியாயிற்று. அறையைவிட்டு வெளியே வராமலே பூமியை எடைபோட்டார் என்று சொல்வார்கள். சரியாகச் சொன்னால், அறைக்குள்ளேயே போகாமல்.

உடலுக்கு வருவோம். காலையில் எழுந்ததும் உயரத்தை அளந்து, இரவில் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டர், சிலருக்கு அதற்கும் மேலே, குறைந்திருக்கும். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டுகள் ஈரப் பஞ்சு போன்றவை. பகல் முழுவதும் உடலின் பாரத்தில் நசுங்கி நீரை இழக்கின்றன, படுத்தால் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. நிலையத்தில் மாதக்கணக்கில் இருப்பவர்கள் சில சென்டிமீட்டர் வளர்ந்துவிடுகிறார்கள். ஆனால் அதே நேரத்தில் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 சதவீதத்துக்குக் குறையாமல் தேயும். தள்ளுவதற்குத் தரை இல்லையென்றால் எலும்புக்கு வேலையில்லை, வேலையில்லாததை உடல் வைத்துக்கொள்ளாது. அதைத் தடுக்கத்தான் அங்கே தினமும் இரண்டு மணிநேரம் உடற்பயிற்சி.

படுக்கையிலிருந்து வெடுக்கென்று எழுந்தால் தலை சுற்றுகிறதே, அதுவும் இதே கணக்கில்தான். நின்றதும் அரை லிட்டருக்கு மேல் இரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியில் இருக்கும் உணர்விகள் அழுத்தம் விழுந்ததைக் கண்டு இதயத்தை விரட்டுகின்றன. அதற்கு ஆகும் சில நொடிதான் அந்தக் கிறுகிறுப்பு. அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் போங்கள், என் வீடியோவை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

காதுக்குள்ளும் ஒரு முடுக்கமானி இருக்கிறது. உட்செவியில் நுண்ணிய மயிரிழைகளின்மேல் கால்சியம் கார்பனேட் படிகங்கள் உட்கார்ந்திருக்கின்றன. தலை சாய்ந்தால் அவை சரிகின்றன, எது கீழே என்று மூளைக்குத் தெரிகிறது. கைபேசியின் சில்லுக்கு இருக்கும் அதே குறை இதற்கும் உண்டு. ஈர்ப்பையும் முடுக்கத்தையும் பிரித்தறியத் தெரியாது. இருட்டில் விமானம் வேகமெடுத்துக் கிளம்பும்போது, மூக்கு மிக அதிகமாக மேலே தூக்கிவிட்டது என்று விமானிக்குத் தோன்றும். உண்மையில் தூக்கியிருக்காது. அதை நம்பி மூக்கைக் கீழே அழுத்தித் தரையில் மோதிய விபத்துகள் உண்டு. காதை நம்பாதே, கருவியை நம்பு என்று பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்பது அதனால்தான்.

மழையைப் பற்றி ஒரே வரி. 2 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி, காற்று இல்லையென்றால், மணிக்கு 700 கிலோமீட்டரில் உச்சந்தலையில் இறங்கும். காற்று தடுப்பதால் பெரிய துளிகூட மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை.

ஜிபிஎஸ்ஸையும் விட முடியாது. ஈர்ப்பு வலுவாக இருக்கும் இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளின் கடிகாரம் இதனால் நாளொன்றுக்கு 45 மைக்ரோ நொடி (ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) முந்தும். அதன் வேகத்தால் 7 பிந்தும். மிச்சம் 38. திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் வரைபடம் 10 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டும். செயற்கைக்கோள்வரை போகவும் வேண்டாம்: 2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இரண்டு அணுக் கடிகாரங்களில் ஒன்றை வெறும் 33 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்து, மேலே இருப்பது முந்துவதை அளந்துவிட்டார்கள். உங்கள் தலைக்கு உங்கள் காலைவிட வயது அதிகம்.

கடைசியாக, எப்போதும் வந்து விழும் கேள்வி: பூமியைத் துளைத்து மறுபக்கம்வரை குழி தோண்டிக் குதித்தால் என்ன ஆகும்? முதலில், துருவத்திலிருந்து துருவத்துக்குத் தோண்டுங்கள். வேறு எங்கே தோண்டினாலும் பூமி சுழல்வதால் குழியின் சுவரில் உரசிக்கொண்டே போவீர்கள். காற்றை எடுத்துவிடுங்கள், சூட்டை மறந்துவிடுங்கள். உள்ளே போகப்போக ஈர்ப்பு கடைசியில் குறைந்து மையத்தில் சுழியாகிவிடும், ஆனால் வேகம் அங்கேதான் உச்சம். அந்த வேகத்திலேயே மறுபக்கம் ஏறி, விளிம்பைத் தொட்டதும் ஒரு கணம் நிற்பீர்கள். யாரும் பிடிக்காவிட்டால் திரும்ப விழுவீர்கள். பூமி எங்கும் ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கப் பயணத்துக்கு 42 நிமிடம், உண்மையான அடர்த்தியை வைத்துப் பார்த்தால் சுமார் 38. வழியில் எந்த இடத்திலும் எடை இருக்காது, தடுக்க ஒன்றுமில்லையே. இன்னொன்று: அதே ஒரே அடர்த்திக் கணக்கில், நீங்கள் குதிக்கும் அந்த நொடியில் தரையை ஒட்டி ஒரு செயற்கைக்கோள் உங்களைக் கடந்துபோனால், அது பூமியைப் பாதி சுற்றி வருவதற்கும் 42 நிமிடம்தான். மறுபக்கக் குழியின் வாயில் நீங்கள் தலை நீட்டும்போது அது மேலே கடந்துகொண்டிருக்கும்.

துளை போட்ட பாட்டிலை வீட்டில் செய்து பார்ப்பவர்கள் மெதுவோட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த வீடியோ கடல் அலையேற்றம்: சூரியன் நிலவைவிடச் சுமார் 180 மடங்கு அதிகமாகப் பூமியை இழுத்தும், அலையேற்றத்தில் நிலவுக்குப் பாதிகூட வராமல் தோற்பது ஏன் என்று பார்க்கலாம். வணக்கம்.