ட்ரையர் சூடாகேல்லையா? புதுசு வாங்க முதல் ஒருக்கா கேளுங்கோ

எல்லாருக்கும் வணக்கம். இஞ்ச ரொறன்ரோவில எங்கட ஆக்கள் அவசரப்பட்டுத் தூக்கி எறியிற சாமான் எது எண்டு கேட்டா நான் யோசிக்காமல் ட்ரையரைத்தான், உடுப்புக் காயவைக்கிற மெஷினைத்தான் சொல்லுவன். கனகாலமா வீட்டு மெஷின்கள் திருத்துற வேலை செய்யிறன், இப்பவும் ரோட்டோரத்தில ஆரோ எறிஞ்ச ட்ரையர் நிக்கிறதைக் கண்டா எனக்கு மனசு பொறுக்காது, ஏனெண்டா அதில கனக்க மெஷினில பழுதே இல்லை. பழுது வீட்டில இருக்கும். அதாலதான் இண்டைக்குக் கூப்பிட்டவுடன வந்தனான்.

முதல் ஒரு கதை சொல்லுறன். ஸ்காபரோவில ஒரு குடும்பம், சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு, மாரிகாலம், ஒரு நாள் ட்ரையர் சுத்துது ஆனா சூடு இல்லை. ஆரோ ஒருத்தர் ஃபோனிலயே சொல்லிப்போட்டார், எலிமென்ட், அதான் சூடாக்கிற கம்பி, போயிட்டுது, பழைய மெஷின், புதுசு வாங்குங்கோ எண்டு. அவையளும் வாங்கிட்டினம், கொண்டுவந்த ஆக்கள் பழசை ஏத்திக்கொண்டு போயிட்டினம். புதுசைப் போட்டா அதுவும் சுத்துது, உள்ளுக்கு லைட் எரியுது, சூடு மட்டும் இல்லை! பிறகுதான் எனக்கு ஃபோன் அடிச்சவை. நான் மெஷினைத் தொடவே இல்லை, நேர பேஸ்மன்டில இருக்கிற கரண்ட் பனலுக்குப் போனன். ட்ரையருக்கு ரெண்டு பிரேக்கர், அதான் கரண்டை வெட்டுற சுவிட்ச், ஒட்டினமாதிரி ஒரு டபிள் பிரேக்கர் இருக்கும், கைபிடி ஓன்லதான் நிக்குது, ஆனா மீட்டரை வைச்சுப் பார்த்தா ஒரு பக்கம் செத்துப்போச்சு. பிரேக்கரை மாத்தினவுடன சூடு வந்திட்டுது. அந்தப் பழைய மெஷின் நல்ல மெஷின், குமிழ் திருப்பிற பழைய மாடல், இன்னும் எத்தினையோ வருஷம் ஓடியிருக்கும்.

ஏன் இப்பிடி நடக்குது எண்டா, ஊரில கனக்க வீட்டுக்கு ஒரு லைன்லதான் 230 வோல்ட் வரும், கரண்ட் இருக்கும் இல்லாட்டி இல்லை, அவ்வளவுதான். இஞ்ச வீட்டுக்கு ரெண்டு லைன் வருது, ஒவ்வொண்டும் 120, ரெண்டையும் சேர்த்தா 240. ட்ரையரில மோட்டருக்கும் லைட்டுக்கும் 120 காணும், சூடாக்கிற எலிமென்டுக்குத்தான் முழு 240ம் வேணும், அது 5,000 வாட்டுக்கு மேல இழுக்கிற சாமான். அப்ப மோட்டர் பாவிக்காத லைன் போனா மற்ற லைன்ல ட்ரம் சுத்திக்கொண்டே இருக்கும், பாக்கிறவை மெஷினுக்குக் கரண்ட் வருது எண்டுதான் நினைப்பினம். கரண்ட் வருது, ஆனா அரைவாசிதான் வருது. திரும்பவும் சொல்லுறன், சுத்துது ஆனா சூடில்லை எண்டா முதல் வேலை பிரேக்கரை முழுசா ஓஃப் பண்ணி ஒருக்கா ஓன் பண்ணுறது. திரும்ப விழுந்தா விட்டிடுங்கோ, லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கோ.

ரெண்டாவது காத்து. சூடு கூடினா தன்னைக் குடுத்து மெஷினைக் காப்பாத்திற சின்னச் சாமான் ஒண்டு உள்ளுக்கு இருக்கு, தெர்மல் ஃபியூஸ். சில மாடலில அது போனா சூடு நிக்கும், சிலதில மெஷின் ஸ்டார்ட்டே ஆகாது. விலை குறைஞ்ச பாட்ஸ்தான், ஆனா அது சும்மா போறது குறைவு. சூட்டுக் காத்தை வெளியால விடுற வென்ட் பைப்புக்குள்ள உடுப்புப் பஞ்சு அடைச்சு காத்து போக வழியில்லாமல் சூடு கூடினபடியால்தான் கூடுதலா போகும். அப்ப ஃபியூஸை மட்டும் மாத்தினா கொஞ்ச நாளில திரும்பப் போகும். புது மெஷினை அதே பைப்பில கொழுவினா அதுக்கும் அதே கதிதான். மெஷின் ஓடேக்க வெளியால போய் வென்ட் மூடியடியில கையை வைச்சுப் பாருங்கோ, காத்து பலமா அடிக்கவேணும். மாரியில அது ஸ்னோவில மூடுப்படும், மற்ற நேரம் குருவி கூடு கட்டியிருக்கும். இன்னொண்டு, தெர்மல் ஃபியூஸைக் கழட்டிப்போட்டு வயரை நேர இணைச்சா ஓடும் எண்டு சொல்லித்தர ஆக்கள் இருக்கினம். தயவுசெய்து செய்யாதேங்கோ, வீடு பத்தும். பஞ்சு எவ்வளவு கெதியா நெருப்புப் பிடிக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும்.

கரண்டும் காத்தும் சரி எண்டாத்தான் மெஷினைத் திறக்கிறது. பிளக்கைக் கழட்டிப்போட்டுத்தான், அதில விளையாட்டு வேண்டாம். கரண்ட் அளக்கிற மல்டிமீட்டரை ஓம்ல, அதான் தடை அளக்கிற இடத்தில, வைச்சு எலிமென்டைப் பாத்தா 10 ஓம் அளவில காட்டவேணும், ஒண்டுமே காட்டாட்டி அறுந்திட்டுது. ஒரு வயரையாவது கழட்டிப்போட்டுப் பாருங்கோ, இல்லாட்டி மற்ற பாதையால சுத்திவந்து பொய்க்கணக்குக் காட்டும். எலிமென்ட் அறுந்து தகரத்தில முட்டிக்கொண்டிருந்தா அது இன்னும் மோசம், சூடு வேண்டாம் எண்டு செட் பண்ணினாலும் சூடாக்கிக்கொண்டே இருக்கும். உடுப்பு கருகிற மணம் வந்தா மெஷினை ஓட்டாதேங்கோ. பிளக் வயர் வந்து சேர்ற இடத்தையும் பாருங்கோ, ஸ்க்ரூ இளகினா அந்த இடம் கருகியிருக்கும்.

அப்ப திருத்திறதா விடுறதா? பெல்ட், கதவு சுவிட்ச், சூட்டைக் கட்டுப்படுத்திற தெர்மோஸ்டாட், எலிமென்ட், இதுகளுக்காக ஒரு மெஷினையும் எறியாதேங்கோ, பழசு எண்டது ஒரு காரணமே இல்லை, பழசுதான் திருத்த லேசு. எலக்ட்ரோனிக் போர்ட் போனா, அந்தப் போர்டும் கூலியும் சேர்த்துப் புது மெஷின் விலையில அரைவாசிக்கு மேல வந்தா, அல்லது ட்ரம் கறள்பிடிச்சு மோட்டரும் கத்தத் தொடங்கினா, அப்ப நான் விடச் சொல்லுவன்.

கேஸ் ட்ரையரைப் பற்றியும் விளக்கமாச் சொல்ல இருந்தனான், நேரம் முடியுது எண்டு கை காட்டினம், கெதியாச் சொல்லுறன். முதல் கொஞ்ச நேரம் சூடா ஓடிப்போட்டு பிறகு குளிர்ந்துபோனா கூடுதலா கேஸ் வால்வைத் திறக்கிற கொயில், அதான் கம்பிச் சுருள், தான் பழுது, அது திருத்தலாம், ஆனா கேஸ் வேலைக்கு லைசன்ஸ் உள்ளவைதான் வரவேணும். கேஸ் மணம் வந்தா சுவிட்ச் ஒண்டும் தொடாமல் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியால போய், அங்க நிண்டு கேஸ் கம்பனிக்கு ஃபோன் அடியுங்கோ. நன்றி, வணக்கம்.